ஜி3 நகல் ரைஃபிள்: விலை பேசும் முன் போல்ட் இடைவெளியை அளந்து பாருங்கள்

அமெரிக்காவில் பழைய ஜி3 நகல் ரைஃபிள் (ஜெர்மன் ராணுவத்தின் ஜி3 துப்பாக்கியைப் பார்த்துச் செய்தது) வாங்கப் போகிறவர்கள் ஒரு ஃபீலர் கேஜை, அதாவது சிறு இடைவெளிகளை அளக்கும் மெல்லிய தகடுகளின் தொகுப்பை, எடுத்துச் செல்லுங்கள். மெகசினைக் கழற்றி, தோட்டா அறை காலி என்று கண்ணால் பார்த்து உறுதி செய்து, அந்த அறையை அடைக்கும் பாகமான போல்ட்டை மூடுங்கள். விற்பவரின் அனுமதியோடு விசையை அழுத்தித் துப்பாக்கியின் உள்ளிருக்கும் சுத்தியலை விடுவித்த பிறகு, மெகசின் வாய் வழியாகப் போல்ட் தலைக்கும் அதைத் தாங்கும் கேரியருக்கும் நடுவே தகட்டை நுழைத்து அளக்க வேண்டும். 0.10 முதல் 0.50 மி.மீ. வரை இருந்தால் சரி.

இந்த வகையில் பூட்டும் வேலையைச் செய்பவை இரண்டு ரோலர்கள். அவையும் அவை பதியும் இடமும் தேயத் தேய, கேரியர் முன்னால் நகர்ந்து இடைவெளி சுருங்கும். வெளிப்பூச்சு எவ்வளவு பளபளத்தாலும் இந்தத் தேய்மானத்தை மறைக்க முடியாது. 0.10-ஐ நெருங்கினால் பழுதுச் செலவை விலையில் குறைத்துக் கேளுங்கள். இடைவெளியே இல்லையென்றால், எவ்வளவு மலிவானாலும் வாங்காதீர்கள். அதைச் சுடுவது ஆபத்து.

ஆனால் பெரிய ரோலர்களைப் பொருத்தியோ, போல்ட் தலையை அரைத்தோ நல்ல அளவைக் காட்ட முடியும். ஆகவே போல்ட்டை வெளியே எடுத்து, அரைத்த தடம் தெரிகிறதா, ரோலர் முனையில் வழக்கத்தைவிடப் பெரிய அளவைக் காட்டும் +2, +4 போன்ற குறிகள் உள்ளனவா என்று பாருங்கள். சந்தேகம் இருந்தால் துப்பாக்கி பழுதுபார்ப்பவரிடம் காட்டாமல் பணம் கொடுக்க வேண்டாம். ஏ.கே., ஏ.ஆர். போன்ற வேறு வகைத் துப்பாக்கிகளின் நகல்களில் இப்படிப் பூட்டும் ரோலர்கள் கிடையாது. அவற்றுக்கு இந்த அளவு பயன்படாது.