பழைய பாய்மரப் படகை விற்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

நெடும்பயணப் பாய்மரப் படகை விற்க முடிவு செய்தவர் முதலில் கையில் எடுப்பது பழைய பில் கட்டைத்தான். புதுப் பாய்க்கு இவ்வளவு, சோலார் பேனலுக்கு இவ்வளவு, கடல்நீரைக் குடிநீராக்கும் கருவிக்கு இவ்வளவு என்று கூட்டுவார். அதை வாங்கிய விலையோடு சேர்த்து, மனசுக்குக் கொஞ்சம் கழித்து, ஒரு தொகையை எழுதி வைப்பார். பாதி விற்பனைகள் இந்த இடத்திலேயே கெட்டுப்போகின்றன.

வாங்க வருபவர் அந்தக் கணக்கைப் போடுவதே இல்லை. அதே நீளம், அதே கம்பெனி, ஏறக்குறைய அதே வருடத்தில் கட்டிய மற்றப் படகுகள் என்ன விலைக்கு நிற்கின்றன என்று பார்ப்பார். உங்கள் படகில் எதற்கெல்லாம் சீக்கிரம் செலவு வரும் என்று யோசித்து அதிலிருந்து கழிப்பார். புதுப் பாய் இருந்தால் விலை பெரிதாக ஏறாது. கந்தல் பாய் இருந்தால் நிச்சயம் இறங்கும். இது நியாயமா என்று கேட்டால், விற்பவருக்கு இல்லைதான். ஆனால் அந்தப் பாயை விரித்துப் பயணம் போனதும் அவர்தானே.

விளம்பரங்களைப் பார்த்து விலை வைப்பது அடுத்த தவறு. இணையத்தில் தெரிவதெல்லாம் கேட்கும் விலை. கைமாறிய விலை அல்ல. நீங்கள் ஒப்பிடும் படகு, அந்த விலைக்குப் போகாததால்தான் இன்னும் அங்கே நிற்கிறதோ என்னவோ. உண்மையில் முடிந்த விலைகளின் பதிவு படகுத் தரகர்களிடம் இருக்கும். பல நாடுகளில் அவர்களின் கமிஷன் சுமார் 10 சதவீதம். தரகர் மூலம் விற்பதோ நேரடியாக விற்பதோ உங்கள் விருப்பம். எப்படி விற்றாலும், விலையை முடிவு செய்யும் முன் ஒருவரிடமாவது பேசிவிடுவது நல்லது.

'முதலில் கூட வைப்போம், போகாவிட்டால் குறைத்துக்கொள்ளலாம்' என்பதும் சரிவராது. ஒரு படகு அதிகம் பேர் கண்ணில் படுவது விளம்பரம் வந்த முதல் சில வாரங்களில்தான். உண்மையாகவே வாங்கக் காத்திருப்பவர்கள் அப்போதே பார்த்துவிட்டு நகர்ந்துவிடுவார்கள். பிறகு விலையைப் படிப்படியாக இறக்கினால், 'இதில் என்னமோ இருக்கிறது' என்ற எண்ணம்தான் வரும். படகு சும்மா நின்றாலும் துறை வாடகை, காப்பீடு, அடிப்பகுதிப் பெயின்ட் என்று பணம் கேட்டுக்கொண்டே இருக்கும். வருடச் செலவு படகு மதிப்பில் சுமார் 10 சதவீதம் என்பது படகுக்காரர்கள் வாயில் அடிபடும் தோராயக் கணக்கு. அப்படியானால், 10 சதவீதம் கூடக் கிடைக்கும் என்று ஒரு வருடம் காத்திருந்தவருக்கு மிச்சம் எதுவும் இல்லை. படகுக்குத்தான் ஒரு வயது கூடியிருக்கும்.

பெரிய செலவு வேண்டாம், சின்ன வேலையை விடவும் வேண்டாம்

விற்பதற்கு முன் புதுக் கடல் வரைபடத் திரை, புது ரேடார் என்று பொருத்துபவர்கள் உண்டு. போட்ட காசு திரும்பாது. வாங்குபவருக்கு வேறு கம்பெனிக் கருவிதான் பிடித்திருக்கும். அதே படகில் எரியாத விளக்கு, இறுகிப்போன ஜன்னல், சொட்டும் குழாய், பில்ஜ் எனும் படகின் அடிக்குழியில் எண்ணெய் மிதக்கும் தண்ணீர் எல்லாம் அப்படியே கிடக்கும். இவற்றைச் சரிசெய்ய ஆகும் செலவு சொற்பம். ஆனால் பார்க்க வருபவரின் மனம் இவற்றிலிருந்துதான் வேலை செய்யத் தொடங்கும். கண்ணுக்குத் தெரிவதையே கவனிக்காதவர், தெரியாத இடத்தில் என்ன செய்து வைத்திருப்பாரோ? குறை என்றால் விலையைப் பேசிக் குறைக்கலாம். சந்தேகம் வந்தவர் பேசவே மாட்டார், கிளம்பிவிடுவார்.

பாய்மரத்தைத் தாங்கும் எஃகுக் கம்பிகளைப் பற்றிப் பலரும் குழம்புகிறார்கள். அவற்றின் ஆயுளைப் பொதுவாக 10 முதல் 15 வருடம் என்பார்கள். 10 வருடம் தாண்டினாலே கேள்வி கேட்கும் காப்பீட்டு நிறுவனங்கள் நிறைய. விற்பதற்காக மாற்ற வேண்டுமா? பெரும்பாலும் வேண்டாம் என்பேன். எந்த வருடம் போட்டது என்று பில்லோடு சொல்லிவிட்டு, அதற்கேற்ற விலை வையுங்கள். நீண்ட பயணம் போகப்போகிறவர் அந்த வேலையைத் தன் கண் முன்னால் செய்துகொள்ளவே விரும்புவார்.

விற்பனைக்கு முன் எஞ்சினுக்கும் படகின் அடிப்பகுதிக்கும் பளபளவென்று பெயின்ட் அடிப்பது வேறு விதமான தவறு. ஃபைபர் கிளாஸ் உடலில் நீர்க் கொப்புளங்கள் இருக்கின்றனவா என்று பார்க்க வருபவருக்குப் புதுப் பெயின்ட் இடைஞ்சல். அடியில் எதையோ மறைத்திருக்கிறார்கள் என்றுதான் தோன்றும்.

அப்புறம் வாசனை. மூடிக் கிடந்த படகில் டீசல், பூஞ்சை, கழிவறைக் குழாய் மூன்றும் கலந்து ஒரு வாடை இருக்கும். அதில் வாழ்ந்தவரின் மூக்குக்கு அது தெரியாது. வெளியாள் ஒருவரை உள்ளே அனுப்பிக் கேளுங்கள். பழைய கழிவறைக் குழாயின் ரப்பருக்குள்ளேயே நாற்றம் ஊறிவிட்டால் கழுவிப் பயனில்லை, மாற்றத்தான் வேண்டும். வாசனை ஸ்பிரே அடித்து வைப்பது இன்னும் மோசம்.

உங்கள் சாமான்களையும் இறக்கிவிடுங்கள். வருடக்கணக்கில் சேர்ந்த டப்பாக்களும் கயிறுகளும் அடைத்த அலமாரிக்குப் பின்னால்தான் கடல்நீர் வால்வுகளும், படகின் அடியில் உள்ள கனமான கீலைப் பிடித்திருக்கும் போல்ட்டுகளும் இருக்கும். வாங்குபவருக்குப் பார்க்க வேண்டியது அவைதான். எஞ்சின் புத்தகம், பராமரிப்புக் குறிப்பு, உதிரி பாகங்கள் மட்டும் படகிலேயே இருக்கட்டும்.

விளம்பரத்தில் 'உலகைச் சுற்றத் தயார்' என்று எழுதாதீர்கள். எல்லோரும் அதைத்தான் எழுதுகிறார்கள். எஞ்சின் ஓடிய மணி நேரம், பாய்களின் வயது, தொட்டிகளின் கொள்ளளவு, எது வேலை செய்யவில்லை என்பதை எழுதுங்கள். படங்கள் இந்த வருடத்தில், பகல் வெளிச்சத்தில் எடுத்தவையாக இருக்கட்டும். எஞ்சின் அறை, பில்ஜ் படங்களும் வேண்டும்.

பார்க்க வரும் நாள்

விவரம் தெரிந்தவர் படகில் ஏறியதும் எஞ்சின் மூடியைத் திறந்து, அதன் மேல் கையை வைத்துப் பார்ப்பார். சூடாக இருந்தால் முகம் மாறிவிடும். குளிர்ந்த டீசல் எஞ்சின் எத்தனை சுற்றில் பிடிக்கிறது, எந்த நிறத்தில் புகை விடுகிறது, அந்தப் புகை எவ்வளவு நேரத்தில் அடங்குகிறது என்பதில்தான் அதன் உடல்நிலை தெரியும். 'சிரமம் இல்லாமல் இருக்கட்டுமே' என்று முன்கூட்டியே ஓட்டி வைப்பவர், நல்ல எஞ்சினையும் சந்தேகத்துக்கு உள்ளாக்குகிறார்.

இன்னொன்று, வாயைக் கொஞ்சம் கட்டுப்படுத்த வேண்டும். எந்தப் புயலில் எப்படித் தப்பினோம் என்ற கதை வாங்குபவரின் காதில் வேறு மாதிரி விழும். புயலைத் தாங்கியதா, அப்படியென்றால் எங்கே விரிசல் விட்டிருக்குமோ என்று அவர் தேடுவார். கேட்டதற்குப் பதில் சொல்லிவிட்டு, கொஞ்ச நேரம் அவர்களைத் தனியாக உட்கார விடுங்கள். அந்தப் படகில் தாங்கள் இருப்பதை அவர்கள் கற்பனை செய்து பார்ப்பது அப்போதுதான்.

கேட்டவரையெல்லாம் கடலுக்கு அழைத்துப் போகவும் வேண்டாம். எழுத்தில் விலை பேசி, முன்பணம் கட்டிய பிறகு சோதனை ஓட்டம் என்பதுதான் வழக்கம். முன்பணம் பொதுவாக 10 சதவீதம்.

சர்வே

படகைச் சோதித்து அறிக்கை தரும் நிபுணரான சர்வேயரைத் தேர்ந்தெடுத்துக் கூலி கொடுப்பது வாங்குபவர். படகைக் கரையேற்றும் செலவும் பெரும்பாலும் அவருடையது. சர்வேயர் சின்னச் சுத்தியலால் மேல்தளத்தைத் தட்டிக்கொண்டே போவார். 'டக், டக்' என்று கணீரென்று வந்த ஒலி, ஓரத் தடுப்புக் கம்பியின் தூண் திருகிய இடத்தில் 'தொப்' என்று மாறும். ஃபைபர் அடுக்குகளுக்கு நடுவே உள்ள பால்சா மரம், திருகு ஓட்டை வழியே இறங்கிய தண்ணீரில் ஊறி மக்கியிருக்கிறது என்று அர்த்தம். ஈரமானியை வைத்தால் அதுவும் ஒத்துக்கொள்ளும். இப்படிப்பட்ட இடத்தை மெத்தை போட்டு மறைப்பது வீண் வேலை. முன்பே சொல்லியிருந்தால், அது விலையில் ஏற்கெனவே அடங்கிய குறை. சர்வேயர் கண்டுபிடித்தால், நீங்கள் சொல்லாமல் விட்ட குறை. இரண்டாவதற்குத்தான் விலை அதிகம்.

அறிக்கை பக்கம் பக்கமாக வரும். எந்தப் பழைய படகுக்கும் அப்படித்தான். அதைத் தன்மேல் வந்த பழியாக எடுத்துக்கொண்டு கோபப்பட்டு, நல்ல விற்பனையை முறித்துக்கொண்டவர்கள் ஏராளம். விலை பேசும்போதே தெரிந்திருந்தவை எவை, புதிதாகத் தெரிந்தவை எவை, அவற்றில் படகின் பாதுகாப்பைத் தொடுபவை எவை என்று பிரித்துப் பாருங்கள். பேச வேண்டியது கடைசி வகையைப் பற்றித்தான். நீங்களே பழுது பார்த்துத் தருவதாகச் சொல்வதைவிட, ஒரு தொகையைக் குறைத்துக்கொள்வது பெரும்பாலும் இருவருக்கும் நல்லது. விற்பவர் மலிவாக முடிப்பார் என்ற பயம் வாங்குபவருக்கு இருக்கும். உங்களுக்கும் நாள் இழுக்காது.

காகிதமும் பணமும்

ஆள் கிடைத்த பிறகு காகிதம் தேடத் தொடங்குவது எங்கும் காணும் சோம்பல். பதிவுச் சான்று, முந்தைய விற்பனைப் பத்திரங்கள், கடன் தீர்ந்ததற்கான சான்று எல்லாம் தயாராக இருக்க வேண்டும். படகில் பொறித்த எண்ணும் காகிதத்தில் உள்ள எண்ணும் ஒன்றா என்று சரிபாருங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் விற்பதானால் வாட் வரி கட்டிய ஆதாரத்தைக் கேட்பார்கள். 1998 ஜூன் 16க்குப் பிறகு அங்கே முதன்முதலாகச் சந்தைக்கு வந்த படகென்றால், ஐரோப்பியப் பாதுகாப்பு விதிகளுக்கு ஏற்றது என்று காட்டும் சிஇ முத்திரையும் வேண்டும். ஒன்றியத்துக்கு வெளியே வசிப்பவரின் வெளிநாட்டுப் பதிவுப் படகு, வரி கட்டாமல் அங்கே 18 மாதம் வரை இருக்கலாம். அந்தச் சலுகையில் நிற்கும் படகை அங்கேயே விற்றால் வரிக் கேள்வி எழும். சுங்க முகவரை விளம்பரத்துக்கு முன்பே பாருங்கள்.

படகோடு எது போகும், எது போகாது என்ற பட்டியலையும் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். சின்ன ரப்பர் படகு, அதன் மோட்டார், உயிர்காப்பு மிதவை, சுவரில் தொங்கும் செக்ஸ்டன்ட் எனும் கோணமானி எல்லாம் பட்டியலில் வரட்டும். பெரிய தொகையில் சிரித்துப் பேசி முடித்தவர்கள் இந்தச் சின்னப் பொருட்களில்தான் சண்டை போடுவார்கள்.

படகைப் பார்க்காமலேயே, கேட்டதைவிடக் கூடுதல் தொகைக்குக் காசோலை அனுப்பி, 'மிச்சத்தைப் படகு ஏற்றிச் செல்பவருக்கு அனுப்பிவிடுங்கள்' என்று ஒருவர் சொன்னால் அது மோசடி. நீங்கள் மிச்சத்தை அனுப்பிய பிறகு காசோலை திரும்பி வரும். பணம் உறுதியாக வங்கியில் சேர்ந்த பிறகே சாவியும் பத்திரமும் கைமாற வேண்டும். அதுவரை காப்பீட்டை நிறுத்தாதீர்கள்.

விற்றதைப் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவிக்கும்போது ரேடியோவில் படகை அடையாளம் காட்டும் எம்எம்எஸ்ஐ எண், இபிர்ப் என்ற அவசர அழைப்புக் கருவி ஆகியவற்றின் பதிவையும் மாற்றச் சொல்லுங்கள். இபிர்ப் பழைய பெயரிலேயே இருந்தால், புது உரிமையாளர் நடுக்கடலில் அதை அழுத்தும்போது மீட்பு மையம் உங்களுக்குத்தான் போன் செய்யும். படகில் எத்தனை பேர், எங்கே கிளம்பினார்கள் என்று உங்களிடம் கேட்கும்.