ஜெர்மன் படிக்கிறதை நடுவுல விட்டுடாம இருக்க: பி1ல மாட்டிக்கிட்டவங்களுக்கும் சேர்த்து

ஜெர்மன் படிப்புல ஏ1, ஏ2, பி1னு லெவல் படிப்படியா ஏறும். ஏ1 படிக்கும்போது யாருக்கும் ஆர்வம் குறையாது. பேரு, வேலை, மணி என்னன்னு நாலு வரி சொல்ல வந்ததுமே நமக்கே கெத்தா இருக்கும். சிக்கல் ஏ2 முடிச்சு பி1ல கால் வைக்கும்போதுதான், தினமும் உக்காந்து படிக்கிறோம், ஆனா போன மாசத்துக்கும் இந்த மாசத்துக்கும் ஒரு வித்தியாசமும் தெரியல, சரி போதும்னு மூடி வெச்சுடறோம். நான் அங்க ரொம்ப நாள் நின்னுட்டு வெளிய வந்த வழி இது. ஆப் எப்படி இறக்குறதுன்னெல்லாம் சொல்லப்போறதில்ல.

1. தினசரி அளவைக் குறைங்க

பதினஞ்சு நிமிஷம் போதும். ஒரு மணி நேரம்னு வெச்சா ஒரு நாள் தலைவலின்னு விட்டதும் மறுநாள் ரெண்டு மணி நேரம் பாக்கி மாதிரி தெரியும், அப்புறம் புக் பக்கமே போக மாட்டீங்க. மூடு இருந்தா கூட படிங்க, அதைக் கணக்குல சேக்காதீங்க.

2. ஆன்கி செட்டிங்க்ஸ்

ஸ்ட்ரீக் (விடாம படிச்ச நாள் கணக்கு) காட்டி மிரட்டுற ஆப் எனக்கு ஆகவே ஆகாது, ஒரு நாள் அறுந்தா ஆளும் சேர்ந்து காலி. என் ஓட்டு ஆன்கிக்குத்தான், வார்த்தைகளைக் கார்டு கார்டா காட்டி மனப்பாடம் பண்ண வைக்கிற ஆப் அது. ஆனா அதுல டீஃபால்ட்டா ஒரு நாளைக்கு 20 புது கார்டு வரும், அப்படியே விட்டா ரிவ்யூ (திரும்பப் பாக்க வேண்டிய பழைய கார்டு) மலையா குவியும். 5னு மாத்துங்க. ஏற்கெனவே குவிஞ்சிருந்தா புது கார்டை 0 பண்ணி, ரிவ்யூ லிமிட்டை 50ல வைங்க. பெயர்ச்சொல்லைத் தனியா போடாதீங்க, அதோட பால் காட்டுற டெர், டி, டாஸ் சேர்த்தே கார்டுல இருக்கணும்.

3. மாசம் ஒரு ரெகார்டிங் (இதைத் தாண்டிப் போயிடாதீங்க)

மாசத்துல ஒரு நாள், ஃபோன்ல வாய்ஸ் ரெகார்டரை ஆன் பண்ணி, "போன சனி, ஞாயிறு என்ன பண்ணேன்"னு ரெண்டு நிமிஷம் ஜெர்மன்ல பேசுங்க. எழுதி வெச்சுப் படிக்கக்கூடாது. கேள்வியை எந்த மாசமும் மாத்தக்கூடாது, மாத்தினா ஒப்பிட முடியாது. திக்கினாலும் நிறுத்தாதீங்க. ஃபைலுக்குத் தேதியையே பேரா வெச்சுட்டு மூடிடுங்க, உடனே கேக்காதீங்க. மூணு மாசம் கழிச்சு பழசையும் புதுசையும் அடுத்தடுத்து போட்டுக் கேளுங்க.

என்னோடதுல முதல்ல காதுல விழுந்தது 'வைல்', அதாவது 'ஏன்னா'. பழைய ஃபைல்ல "வைல் இஷ் பின் ம்யூடெ"ன்னு வினை நடுவுல வந்து நிக்குது, புதுசுல "வைல் இஷ் ம்யூடெ பின்"னு தானா கடைசிக்குப் போயிருக்கு. யோசிச்சா தமிழ்லயும் "களைப்பா இருக்கிறதால"ன்னு வினை பின்னாடிதானே வருது, இங்கிலீஷ் வழியா சுத்திப் போறதுதான் நம்மளக் குழப்புது. தினமும் பாத்தா இந்த மாதிரி மாற்றம் கண்ணுக்கே தெரியாது, அதனாலதான் ரெகார்டிங்.

4. கேக்கிறது

ஜெர்மன் ஒலிபரப்பு நிறுவனமான டாய்ச்சே வெல்லேல நியூஸை மெதுவா வாசிச்சு, எழுத்தையும் கூடவே இலவசமா தர்றாங்க. முதல்ல எழுத்து இல்லாம ஒரு தடவை, அப்புறம் பாத்துக்கிட்டே ஒரு தடவை. நியூஸ் போரடிச்சா விடுங்க, புண்டஸ்லீகா (ஜெர்மன் ஃபுட்பால் லீக்) கமென்ட்ரியோ சமையல் வீடியோவோ, எப்படியும் பாக்கிற விஷயத்தையே ஜெர்மன்ல பாருங்க.

5. பரீட்சையைத் துண்டாக்குங்க

கோதே இன்ஸ்டிட்யூட் நடத்துற பி1 பரீட்சை மொத்தம் நாலு மாட்யூல் (பகுதி): படிக்கிறது, கேக்கிறது, எழுதுறது, பேசுறது. ஒவ்வொண்ணுலயும் 100க்கு 60 எடுத்தா பாஸ், தனித்தனியாவும் எழுதலாம். உங்க சென்டர்ல அதுக்கு விடுறாங்களான்னு மட்டும் முன்னாடியே கேட்டுக்கோங்க. "பி1 முடிக்கணும்"ங்கிறதை விட "அடுத்து கேக்கிறது மாட்யூல்"னு வெச்சா உக்காந்து படிக்கத் தோணும்.

அப்டேட்: சொந்தக் குரலைக் கேக்கவே கூச்சமா இருக்குன்னு சில பேர் சொன்னீங்க. அப்போ அதே கேள்விக்கு டிக்ஷனரி பாக்காம பத்து வரி எழுதி தேதி போட்டு வைங்க, ஆனா பேசுற மாட்யூல் வர்றதுக்குள்ள ரெகார்டிங்குக்கு மாறிடுங்க. இன்னொண்ணு, ரெண்டு மாசம் விட்டுப்போச்சு, ஏ1ல இருந்து ஆரம்பிக்கவான்னு கேட்டவங்களுக்கு: வேண்டவே வேண்டாம். ரெண்டாவது ஸ்டெப்ல சொன்ன 0/50 செட்டிங்கைப் போட்டு, குவிஞ்சது கரையுற வரைக்கும் அதை மட்டும் பண்ணுங்க.