சொரியாசிஸ் அரிப்பைச் சமாளிப்பது எப்படி

அரிப்பு தாங்கவில்லை என்றதும் மெடிக்கல் ஷாப்பில் செட்ரிசின் என்ற அலர்ஜி மாத்திரை வாங்கிப் போடுகிறோம், தோலில் செதில் செதிலாகப் படை வரும் சொரியாசிஸுக்கு அது பெரும்பாலும் போதாது. அந்த மாத்திரை தடுப்பது அலர்ஜியில் அரிப்பைக் கிளப்பும் ஹிஸ்டமின் என்ற ரசாயனத்தை, இங்கே அரிப்பைக் கிளப்புவதோ பெரும்பாலும் வேறு ஆட்கள். நோய் எதிர்ப்புச் செல்கள் தங்களுக்குள் தகவல் சொல்ல அனுப்பும் சைட்டோகைன் என்ற புரதங்கள், முக்கியமாக இன்டர்லூக்கின் 17, 23 இரண்டும், தோலில் அழற்சியை மூட்டிவிடுகின்றன. இன்டர்லூக்கின் 31 அரிப்பு நரம்பையே நேராகத் தூண்டக்கூடியது.

அதற்காக ரத்தத்தில் சைட்டோகைன் அளவு பார்க்கக் காசைக் கொட்டாதீர்கள், வழக்கமான சிகிச்சையை அந்த எண்ணை வைத்து முடிவு செய்வதில்லை. தினமும் ராத்திரி அரிப்புக்கு 0 முதல் 10 வரை மார்க் போட்டு, தூக்கம் கெட்டதா என்றும் எழுதி, 2 வாரம் கழித்துத் தோல் டாக்டரிடம் காட்டுங்கள். படை சின்னதாக இருந்தாலும் அரிப்பு கொடுமையாக இருக்கலாம், சொன்னால்தான் அவருக்குத் தெரியும்.

சரி, வீட்டில்? வெதுவெதுப்பான தண்ணீரில் சீக்கிரம் குளித்து, துண்டால் ஒற்றி எடுத்து, ஈரம் காயும் முன் வாசலின் தடவுங்கள். நகத்தை ஒட்ட வெட்டுங்கள், ஏனென்றால் சொறிந்து காயமான இடத்தில் புதுப் படையே கிளம்பும். அரித்தால் குளிர்ந்த ஈரத்துணி வையுங்கள்.

ஸ்டீராய்டு மாத்திரையை மட்டும் நீங்களாகத் தொடங்கவும் வேண்டாம், திடீரென நிறுத்தவும் வேண்டாம், நிறுத்தினால் நோய் பலமாகத் திரும்பலாம். இன்டர்லூக்கின் 17-ஐத் தடுக்கும் ஊசிகள் பலருக்கு அரிப்பையும் நன்றாகக் குறைக்கின்றன. போடுவதற்கு முன் காசநோய்ப் பரிசோதனை அவசியம்.