ஃபுளோரன்ஸில் ஒரு நாள் நடை: தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்ற வாரம் நண்பர் ஒருவர் இத்தாலியின் ஃபுளோரன்ஸை ஒரே நாளில் சுற்றும் தன் திட்டத்தை வாட்ஸாப்பில் அனுப்பியிருந்தார். 9 மணிக்கு ரயில் நிலையம், 9.15-க்கு கதீட்ரல், 10-க்கு அதன் குவிமாடம், 11-க்கு அகாதெமியா அருங்காட்சியகம், 12-க்கு உஃபிஸி ஓவியக்கூடம் என்று இரவு ரயில் வரை பதினோரு இடங்கள். படித்ததும் சிரிப்பு வந்துவிட்டது. பொலோனியா நகரில் வேலைக்குச் சேர்ந்த வருடம் நான் போட்ட திட்டமும் அச்சு அசலாக இதேதான். அதற்கப்புறம் ஊரிலிருந்து யார் வந்தாலும் ஃபுளோரன்ஸுக்கு அழைத்துப்போகிற ஆளாகிவிட்டேன். பிக்பாக்கெட், நல்ல ஷூ, தண்ணீர் பாட்டில் பற்றியெல்லாம் இங்கே எழுதப் போவதில்லை. அதெல்லாம் உங்களுக்கே தெரியும்.

பக்கம்தானே என்று அடுக்குவது

சாந்தா மரியா நொவெல்லா நிலையத்திலிருந்து கதீட்ரலுக்கு நடந்தால் பத்து நிமிடம். அங்கிருந்து போன்டே வெக்கியோ பாலத்துக்கு இன்னொரு பத்து நிமிடம். ஊர் இப்படிக் கைக்கடக்கமாக இருப்பதுதான் ஏமாற்றுகிறது. நேரத்தைத் தின்பது நடை இல்லை. வரிசையும் பாதுகாப்புச் சோதனையும் படிக்கட்டுகளும்தான்.

ஒரே நாள் என்றால் உஃபிஸி, அகாதெமியா இரண்டில் ஒன்றை விட்டுவிடுங்கள். போட்டிசெல்லி வரைந்த வீனஸ் ஓவியத்தைப் பார்க்க உஃபிஸிக்குள் நுழைந்தால் மூன்று மணி நேரம் போவது தெரியாது. டேவிட் சிலைதான் முக்கியம் என்றால் அகாதெமியா. சிலர் பியாட்சா டெல்லா சின்யோரியா சதுக்கத்தில் நிற்கும் டேவிட்டோடு படம் எடுத்துக்கொண்டு 'பார்த்தாச்சு' என்று கிளம்பிவிடுவார்கள். அது 1910-இல் வைத்த நகல். மைக்கேலாஞ்சலோ 1504-இல் முடித்த அசல், மழைக்கும் வெயிலுக்கும் தப்பி 1873-இலேயே அகாதெமியாவுக்குப் போய்விட்டது. நகல் போதும் என்பவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். நகல் என்று தெரிந்து பார்த்தால் சரி.

குவிமாட டிக்கெட்டோடு வேறு வரிசையில் நிற்பது

இதை எழுதும்போதே எரிச்சல் வருகிறது.

அக்கா, அத்தான், மனைவி, நான். நாலு பேருக்கும் புருனெல்லெஸ்கி கட்டிய கதீட்ரல் குவிமாடத்தில் ஏற முன்கூட்டியே டிக்கெட் எடுத்திருந்தேன். அப்போது ஆளுக்கு 30 யூரோ. குவிமாடம், மணிக்கூண்டு, ஞானஸ்நான மண்டபம், அருங்காட்சியகம் எல்லாம் அதில் அடக்கம். மூன்று நாள் செல்லும். ஆனால் குவிமாடத்துக்கு மட்டும் வாங்கும்போதே நேரம் குறிக்க வேண்டும். எங்களுக்கு 11.15. பத்தரைக்கே போய்விட்டோம். கதீட்ரலின் முன்னால் தொடங்கித் தெற்குச் சுவரை ஒட்டி ஒரு நீண்ட வரிசை. குவிமாடம் கதீட்ரலின் தலையில்தானே இருக்கிறது, வழியும் இதுதான் என்று அதன் வாலில் போய் நின்றேன். யாரையும் கேட்கவில்லை. அது கதீட்ரலுக்குள் போகும் இலவச வரிசை. ஒரு மணி நேரம் கழித்து வாசலுக்கு வந்தால், காவலர் டிக்கெட்டைப் பார்த்துவிட்டு மறுபக்கம் கையைக் காட்டினார். குவிமாடம் ஏறும் வாசல் வடக்குப் பக்கம், போர்தா டெல்லா மாந்தோர்லா. ஓடினோம். அங்கே 11.45 ஆட்கள் ஏறிக்கொண்டிருந்தார்கள். எங்களை விடவில்லை. அவர்கள் மேல் தப்பில்லை: குவிமாடத்தின் உள்சுவருக்கும் வெளிச்சுவருக்கும் நடுவே போகும் அந்தக் குறுகலான 463 படிகளில் கணக்குப் பார்த்துத்தான் ஆள் அனுப்ப முடியும். லிஃப்ட் கிடையாது.

"விடு மாப்ள, கீழ நின்னு பார்த்தாலும் நல்லாத்தான் இருக்கு" என்றார் அத்தான். திட்டியிருந்தால்கூட ஆறியிருக்கும்.

120 யூரோவில் மீதி இருந்த மூன்று இடங்களையாவது பார்த்தோமா? இல்லை. மதியம் உஃபிஸிக்கு நேரம் குறித்திருந்தோம், இரவு ரயில். மூன்று நாள் டிக்கெட்டை ஒரு நாள் ஆள் வாங்குவதே முதல் கோளாறு. இப்போது நான் இரண்டில் ஒன்றுதான் செய்கிறேன். குவிமாடம் ஏறியே ஆகவேண்டும் என்பவர்களுக்கு அன்றைய முதல் நேரத்தைப் பிடித்து, மற்றதையெல்லாம் அதற்குப் பின்னால் வைப்பேன். பெரிய பையோடு ஏற விடமாட்டார்கள் என்பதால் பையை முதலிலேயே ஒப்படைத்துவிடுவோம். மற்றவர்களுக்குக் குவிமாடம் சேராத, விலை குறைந்த டிக்கெட். கதீட்ரலை ஒட்டி நிற்கும் ஜோத்தோவின் மணிக்கூண்டில் 414 படிதான், அதன் உச்சியிலிருந்து குவிமாடமே கண்ணெதிரே தெரியும். குவிமாடத்தின் மேல் நிற்பவருக்கு அது ஒன்றுதான் தெரியாது!

அந்த இலவச வரிசையையும் விட்டுவிடலாம். கதீட்ரலின் உள்ளே எதிர்பார்ப்பதைவிட வெறுமை. நல்ல சிற்பங்கள் பல பின்னால் இருக்கும் அருங்காட்சியகத்துக்குப் போய்விட்டன.

திங்கட்கிழமை போவது

உஃபிஸியும் அகாதெமியாவும் விடுமுறை.

மாதத்தின் முதல் ஞாயிறு போவது

அரசு அருங்காட்சியகங்கள் இலவசம். ஊரே வரிசையில் நிற்கும்.

வாடகைக் கார்

பழைய நகரத்துக்குள் அனுமதி இல்லாத வண்டி நுழைந்தால் கேமரா பிடித்துவிடும். அபராதக் கடிதம் மாதங்கள் கழித்து வீடு தேடி வரும்.

பீசாவையும் சேர்த்துக்கொள்வது

வேண்டாம்.

கறுப்பு எண்ணில் கடையைத் தேடுவது

ஃபுளோரன்ஸ் தெருக்களில் இரண்டு வகைக் கதவு எண்கள் உண்டு. வீடுகளுக்குக் கறுப்பு அல்லது நீலம், கடைகளுக்குச் சிவப்பு. இரண்டும் தனித்தனி வரிசை என்பதால் சிவப்பு 25, கறுப்பு 25-க்குப் பக்கத்தில் இருக்க வேண்டிய அவசியமில்லை. முகவரியில் எண்ணுக்குப் பின்னால் 'ஆர்' இருந்தால் அது ரோஸ்ஸோ, சிவப்பு. பசியோடு ஓர் உணவகத்தைத் தேடி, யாரோ ஒருவர் வீட்டு அழைப்பு மணியை அழுத்தியவன் சொல்கிறேன்.

மதிய உணவைத் தள்ளிப்போடுவது

பல உணவகங்களில் இரண்டரை, மூன்று மணிக்கு அடுப்பை அணைத்துவிடுவார்கள். மறுபடி திறப்பது ஏழு மணிக்கு மேல்தான். நேரம் தவறிவிட்டால் சான் லொரென்சோவில் மெர்காதோ சென்ட்ராலே சந்தையின் மாடிக்குப் போங்கள், அங்கே நாள் முழுக்கச் சாப்பாடு கிடைக்கும்.

சூரியன் விழும் நேரத்துக்குச் சரியாக மேட்டில் ஏறுவது

ஆர்னோ ஆற்றுக்குத் தெற்கே இருக்கும் பியாட்சாலே மைக்கேலாஞ்சலோ என்ற மேட்டுச் சதுக்கத்துக்கு எல்லோரும் அந்த அரை மணி நேரத்தில்தான் வருவார்கள். கைப்பிடிச் சுவரில் இடம் கிடைக்காது, திரும்பும் பேருந்திலும் கிடைக்காது. ஒரு மணி நேரம் முன்னால் போய், இன்னும் கொஞ்சம் மேலே ஏறி, 1018-இல் கட்டத் தொடங்கிய சான் மினியாத்தோ தேவாலயத்தின் முற்றத்தில் உட்காருங்கள். நிலையத்துக்கு நடந்தே இறங்க முக்கால் மணி நேரம் கையில் வையுங்கள்.

அன்றைக்கு நாங்களும் கடைசியாக அங்கேதான் போனோம். செங்கல் நிறக் குவிமாடம் ஊருக்கு நடுவே வெயிலில் மின்னிக்கொண்டிருந்தது. அத்தான் ரொம்ப நேரம் பார்த்துவிட்டுக் கேட்டார்: "இங்க டிக்கெட் கிடையாதா மாப்ள?"