ஆளைப் பிடிச்சிட்டுப் போனா எங்க வச்சிருக்காங்கன்னு கண்டுபிடிக்கிறது எப்படி, நம்ம குமரி மாவட்டத்துல

நாகர்கோவில் கோர்ட் பக்கத்துல மனு டைப் அடிக்கிற கடையில வேலை பாக்குறேன். வக்கீல் இல்ல. ஆனா இத்தனை வருஷத்துல ஒரே விஷயத்த திரும்பத் திரும்ப பாத்துட்டேன். காலைல ஷட்டர தூக்கும்போதே ஒரு அம்மா நிப்பாங்க, கையில துணிப்பை, அதுல ஒரு சட்டை, ஒரு லுங்கி, ஒரு பொதி சோறு. "மக்கா, எம் பயல நேத்து ராத்திரி கூட்டிட்டு போனாவ, எங்க வச்சிருக்காவன்னே தெரியல்ல"ம்பாங்க. பெயில் மனு எல்லாம் அப்புறம், முதல்ல ஆள் எங்கன்னு தெரியணும்ல, அதுக்குத் தான் இத எழுதுறேன்.

அமெரிக்கால இருக்கிற சொந்தக்காரங்க சிலர் போன்ல கேப்பாங்க, பேர அடிச்சா வந்துருமே ஏன் அலையுறீங்கன்னு. அங்க கவுண்டி ஜெயில பெரும்பாலும் ஷெரிஃப் ஆபீஸ் நடத்துது, நிறைய கவுண்டில ஆளோட பேர போட்டா புக்கிங் நம்பர், என்ன கேஸ், பெயில் தொகை எவ்வளவு, சில இடத்துல போட்டோ வரைக்கும் யாரு வேணா பாக்கலாம். நம்ம ஊர்ல அப்படி ஒரே இடத்துல பேரு போட்டு தேடுற வசதி இல்ல. ஆனா ஒண்ணு இருக்கு, பிடிச்ச ஆள் போற ஒவ்வொரு இடத்துலயும் ஏதாவது ஒரு நோட்டுல எழுதித் தான் ஆகணும். ஸ்டேஷன், ஆஸ்பத்திரி, மாஜிஸ்ட்ரேட், ஜெயில். அந்த எழுத்தப் பிடிச்சுக்கிட்டே போனா ஆளு கிடைச்சுருவாரு.

முதல் ஒரு மணி நேரம் ரொம்ப முக்கியம். அழுதுகிட்டே இருந்தாலும் ஒரு தாள்ல எழுதி வச்சிருங்க, எத்தனை மணிக்கு, எந்த இடத்துல வச்சு, எத்தனை பேரு வந்தாங்க, யூனிஃபார்மா மஃப்டியா, வண்டி நம்பர் என்ன, நெஞ்சுல பேரு பேட்ஜ் இருந்துச்சா. 2024 ஜூலை 1ல இருந்து பழைய சி.ஆர்.பி.சி. (குற்ற நடைமுறைச் சட்டம்) போயி பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதான்னு புது சட்டம் வந்துருக்கு, கோர்ட்ல பி.என்.எஸ்.எஸ்.னு சொல்லுவாங்க. அதுல 36வது பிரிவு, கைது பண்ற போலீஸ் பேரு தெளிவா தெரியுற மாதிரி பேட்ஜ் போட்டிருக்கணும், கைது மெமோ எழுதணும், அதுல வீட்டு ஆள் ஒருத்தரோ அந்த ஊர்ல மதிப்பான ஒருத்தரோ சாட்சி கையெழுத்து போடணும்னு சொல்லுது. அதனால மெமோவ நீட்டினா பதட்டத்துல அப்படியே கையெழுத்து போட்டுராதீங்க, தேதி நேரம் ஸ்டேஷன் பேரு மூணும் எழுதிருக்கான்னு பாத்துட்டு, முடிஞ்சா போன்ல ஒரு போட்டோ எடுத்துட்டு போடுங்க. பொம்பளைங்கள சூரியன் மறைஞ்சதுக்கு அப்புறம் விடியுறதுக்கு முன்னால கைது பண்ணக் கூடாது, ரொம்ப அவசியம்னா மாஜிஸ்ட்ரேட் முன் அனுமதியோட பெண் போலீஸ் தான் பண்ணணும்.

அடுத்தது ஸ்டேஷன். 48வது பிரிவுப்படி ஆளைப் பிடிச்ச உடனே, எங்க வச்சிருக்கோம்னு அவரு சொல்ற சொந்தக்காரருக்கோ பிரண்டுக்கோ போலீஸே தகவல் சொல்லணும், சொன்னத ஸ்டேஷன்ல புக்ல எழுதணும். இதெல்லாம் 1996ல டி.கே. பாசு கேஸ்ல சுப்ரீம் கோர்ட் போட்ட கட்டளைல இருந்து வந்தது தான். நடைமுறைல என்ன ஆகும்னா, நம்ம லிமிட் ஸ்டேஷனுக்குப் போவோம், "இங்க இல்ல"ன்னு ஒரு வார்த்தைல முடிச்சுருவாங்க. சில நேரம் அது உண்மையாவே இருக்கும், ஏன்னா பிடிச்சது வேற லிமிட் ஸ்டேஷனா இருக்கலாம், அனைத்து மகளிர் ஸ்டேஷன், சைபர் கிரைம், மதுவிலக்குன்னு தனிப் பிரிவா இருக்கலாம். அதனால "இல்ல"ன்னு சொன்னா திரும்பி வந்துராதீங்க. 37வது பிரிவ சொல்லிக் கேளுங்க. ஒவ்வொரு ஸ்டேஷன்லயும், மாவட்டத்துக்கு ஒருத்தருமா, ஏ.எஸ்.ஐ.க்கு குறையாத ஒரு அதிகாரி கைதானவங்க பேரு, அட்ரஸ், என்ன குற்றம்னு விவரம் வச்சிருக்கணும், அத ஸ்டேஷன்லயும் மாவட்ட தலைமையிடத்துலயும் எல்லாரும் பாக்குற மாதிரி வைக்கணும், டிஜிட்டலா வச்சாலும் சரி. சட்டப்படி நம்ம ஊர்ல பொது ஜனம் பாக்குறதுக்குன்னு இருக்கிற கைதிப் பட்டியல்னா இது தான், ஆனா இத கேக்குற ஆளே கம்மி. நாகர்கோவில் எஸ்.பி. ஆபீஸ் கண்ட்ரோல் ரூம்ல கேளுங்க, 112க்கும் அடிக்கலாம், அடிச்ச நேரத்த குறிச்சு வச்சுக்கிடுங்க. கேக்கும்போது சண்டைக்குப் போக வேண்டாம், "சார் எந்த கோர்ட்ல ஆஜர் பண்ணுவீங்கன்னு மட்டும் சொல்லுங்க"ன்னு ரைட்டர் (ஸ்டேஷன்ல எழுத்து வேலை பாக்குற போலீஸ்) கிட்ட தன்மையா கேட்டா பல நேரம் அதுலயே பதில் வந்துரும்.

கூட்டிட்டுப் போனதுல இருந்து 24 மணி நேரத்துக்குள்ள, பயண நேரம் போக, மாஜிஸ்ட்ரேட் முன்னால நிறுத்தணும். இது அரசியல் சட்டம் 22வது பிரிவுலயே இருக்கு. அதுக்கு முன்னால டாக்டர் கிட்ட காட்டணும், பி.என்.எஸ்.எஸ். 53வது பிரிவு. நாகர்கோவில் பக்கம்னா ஆசாரிப்பள்ளம் மெடிக்கல் காலேஜ், மேக்க குழித்துறை, தக்கலை பக்கம்னா அங்க உள்ள ஜி.ஹெச். பல வீட்டுக்காரங்க பிள்ளைய முதல்ல பாத்தது ஆசாரிப்பள்ளம் கேஷுவாலிட்டி வாசல்ல தான். உடம்புல காயம் இருந்தா அது டாக்டர் ரிப்போர்ட்ல வரணும், ரிப்போர்ட்டோட காப்பி கைதான ஆளுக்கோ அவரு சொல்ற ஆளுக்கோ குடுக்கணும். இத கேட்டு வாங்கிருங்க, பின்னால எத்தனை பேரு வந்து சாட்சி சொன்னாலும் அந்த ஒரு தாள் மாதிரி ஆகாது.

அப்புறம் கோர்ட். எந்த ஸ்டேஷன் எந்த கோர்ட்டுன்னு பிரிச்சிருக்காங்க, நாகர்கோவில், இரணியல், பத்மநாபபுரம், குழித்துறை, பூதப்பாண்டின்னு இருக்கு. ஸ்டேஷன் பேரு தெரிஞ்சா கோர்ட் எதுன்னு எந்த வக்கீல் கிட்ட கேட்டாலும் சொல்லிருவாரு. லீவு நாள்லயும் ராத்திரியும் மாஜிஸ்ட்ரேட் வீட்டுலயே ரிமாண்ட் நடக்கும் (ஆளைக் காவல்ல வைக்கச் சொல்லி அவரு போடுற உத்தரவு தான் ரிமாண்ட்), இது நிறைய பேருக்குத் தெரியாது. மேற்குக் கடற்கரை ஊர்ல இருந்து ஒரு அக்கா ரெண்டு நாளா மூணு ஸ்டேஷன் ஏறி இறங்கிட்டு எங்க கடைக்கு வந்தாங்க, கடைசில பாத்தா முந்துன நாள் சாயங்காலமே மாஜிஸ்ட்ரேட் வீட்டுல வச்சு ரிமாண்ட் ஆயாச்சு. கோர்ட் டியூட்டி போலீஸ் கிட்ட கேட்ட உடனே தேதி, க்ரைம் நம்பர் (எஃப்.ஐ.ஆர். நம்பர் தான்), எந்த ஜெயில்னு சொல்லிட்டாரு. ரெண்டு நாள் அந்த அக்கா சோறு தண்ணி இல்லாம அலைஞ்சது எனக்கு இன்னைக்கும் ஆறல. அதனால ஸ்டேஷன்ல பதில் வரலன்னா நேரா அந்த லிமிட் கோர்ட்டுக்குப் போயி கோர்ட் டியூட்டி போலீஸையோ பெஞ்ச் கிளார்க்கையோ பாருங்க. ரிமாண்ட் ஆர்டர்ல எந்த ஜெயில்னு எழுதிருக்கும்.

ஜெயில பொறுத்தவரைக்கும் பக்கத்துல தான் வைப்பாங்கன்னு நினைக்காதீங்க. நாகர்கோவில் மாவட்டச் சிறையா இருக்கலாம், ஏதாவது கிளைச் சிறையா இருக்கலாம், பாளையங்கோட்டை மத்திய சிறையா இருக்கலாம். 2020 ஜூன்ல சாத்தான்குளத்துல பிடிச்ச அப்பாவையும் மகனையும் அங்கருந்து எவ்வளவோ தள்ளி கோவில்பட்டி கிளைச் சிறைல தான் அடைச்சாங்க, அதுக்கு அப்புறம் என்ன ஆச்சுன்னு உங்க எல்லாருக்கும் தெரியும். பெண்களுக்கு தனி சிறை, ஆம்பளைங்க இருக்கிற ஜெயில் வாசல்ல போயி நிக்க வேண்டாம், எந்தப் பெண்கள் சிறைன்னு கோர்ட்லயே கேட்டுருங்க. 18 வயசு ஆகலன்னா ஜெயில்லயும் லாக்கப்லயும் வைக்கவே கூடாது, சிறார் நீதிக் குழுமம் முன்னால ஆஜர் பண்ணணும், விடாம வச்சிருக்கணும்னா கூர்நோக்கு இல்லத்துல தான் வைக்கணும், பிறப்புச் சான்றிதழோ ஸ்கூல் சர்டிபிகேட்டோ கையோட கொண்டு போங்க.

ஜெயில் வாசல்ல மொட்டையா பேரு மட்டும் சொன்னா கண்டுபிடிக்க மாட்டாங்க. ஆளு பேரு, அப்பா பேரு, வயசு, ஸ்டேஷன், க்ரைம் நம்பர், ரிமாண்ட் ஆன தேதி, இவ்வளவும் ஒரு துண்டுத்தாள்ல எழுதிட்டுப் போங்க. பாக்குறதுக்கு மனு போடணும், அதான் எல்லாரும் "மனு பாக்கப் போறோம்"னு சொல்லுறது. உங்க ஆதார் வேணும். வெளியூர்ல இருக்கவங்க இ-முலாகாத்னு மத்திய அரசோட இ-பிரிசன்ஸ் பக்கத்துல முன்பதிவு பண்ணலாம், ஆனா அதுலயும் எந்த ஜெயில்னு தெரிஞ்சா தான் பண்ண முடியும். ஜெயில்ல "இப்போ இங்க இல்ல"ன்னு சொன்னா பயந்துறாதீங்க, போலீஸ் கஸ்டடிக்கு எடுத்திருக்கலாம், வேற ஜெயிலுக்கு மாத்திருக்கலாம், வேற கேஸ்ல பி.டி. வாரண்ட்ல (உள்ள இருக்கிற ஆளைத் தன் முன்னால கொண்டு வரச் சொல்லி வேற கோர்ட் போடுற உத்தரவு) கொண்டு போயிருக்கலாம். எங்க, யாரு ஆர்டர்ல, எந்த தேதின்னு கேளுங்க.

இப்ப ஆன்லைன். தமிழ்நாடு போலீஸ் சிடிசன் போர்ட்டல்ல மாவட்டம், ஸ்டேஷன், வருஷம், நம்பர் குடுத்தா எஃப்.ஐ.ஆர். பாக்கலாம். 2016ல சுப்ரீம் கோர்ட் எஃப்.ஐ.ஆர். எல்லாத்தையும் 24 மணி நேரத்துல நெட்ல ஏத்தணும், நெட் வசதி சரியில்லாத இடத்துல 72 மணி வரைக்கும் ஆகலாம்னு சொல்லிருச்சு. பாலியல் கேஸ், போக்சோ, தீவிரவாதம் மாதிரி கேஸ் மட்டும் ஏத்த மாட்டாங்க, அது சரி தான், பாதிக்கப்பட்ட பிள்ளையோட பேரு வெளிய வரவே கூடாது. அங்க இல்லாட்டியும் கைதான ஆள் சார்பா கோர்ட்ல மனு போட்டு காப்பி வாங்கலாம். இன்னொண்ணு இ-கோர்ட்ஸ் சர்வீசஸ் ஆப். அதுல கட்சிக்காரர் பேரு வச்சும் தேடலாம், ஆனா நம்ம மாவட்டத்துல இதுல ஒரு சிக்கல். அஜின், விஜின், ஜெபின், சுபின்னு பேரு வச்சிருக்கோம், அத ஒவ்வொரு ரைட்டரும் இங்கிலீஷ்ல ஒவ்வொரு மாதிரி எழுதுவாங்க, பேரு போட்டு தேடி "ஒண்ணுமில்ல"ன்னு வந்து கேஸே இல்லன்னு சந்தோஷப்பட்ட வீட்டையும் பாத்திருக்கேன். ஸ்டேஷனும் எஃப்.ஐ.ஆர். நம்பரும் வச்சு தேடுங்க. குற்றப்பத்திரிகை போடுறதுக்கு முன்னால கேஸ் அதுல தெரியாம இருக்கலாம், பெயில் மனு போட்டிருந்தா அது தெரியும். 16 எழுத்து சி.என்.ஆர். நம்பர், அதாவது ஒவ்வொரு கேஸுக்கும் கோர்ட் குடுக்குற அடையாள நம்பர், கிடைச்சா அத பத்திரமா வச்சுக்கிட்டா ஒவ்வொரு வாய்தாவும் வீட்டுல இருந்தே பாக்கலாம்.

களியக்காவிளைக்கு அங்கோட்டு பிடிச்சா கதையே வேற. பாறசாலை, நெய்யாற்றின்கரைன்னா கேரளா போலீஸ், இங்க எந்த ஸ்டேஷன்ல கேட்டும் பிரயோஜனம் இல்ல. ஆனா அவங்க ஒரு நல்ல காரியம் பண்ணிட்டு வந்திருக்காங்க, மாவட்ட வாரியா கைதானவங்க லிஸ்ட்ட வாராவாரம் அவங்க சைட்ல போட்டிருக்காங்க, பேரு, அப்பா பேரு, எங்க வச்சு எத்தனை மணிக்கு பிடிச்சாங்க, எந்த ஸ்டேஷன், எந்த கோர்ட்ல ஆஜர்னு எல்லாம் இருக்கும். திருவனந்தபுரம் ரூரல்ல தேடணும். எஃப்.ஐ.ஆர்.க்கு கேரளா போலீஸோட துணா போர்ட்டல். நம்ம பக்கமும் இந்த மாதிரி ஒரு லிஸ்ட் போட்டா பாதி அலைச்சல் தீந்துரும்னு எனக்கு உறுதியா தோணுது. வெளிநாட்டுல மாட்டிக்கிட்ட ஆள்னா, நம்ம கடற்கரை ஊர்கள்ல இது நிறைய, வெளியுறவுத் துறையோட மதத் போர்ட்டல்ல புகார் பதிஞ்சு தூதரகத்த தொடர்ந்து கேக்கணும்.

தகவல் உரிமைச் சட்டம் பத்தியும் கேப்பாங்க. 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி பொதுத் தகவல் அலுவலருக்கு போடலாம், சாதாரணமா 30 நாள், உயிர் சுதந்திரம் சம்பந்தப்பட்டதுன்னா 48 மணி நேரத்துல பதில் தரணும். மனு மேலயே "7(1) பிரிவுப்படி 48 மணி நேரம்"னு பெருசா எழுதுங்க. உங்க வீட்டு ஆள் பத்தி, எப்போ ஜெயிலுக்கு வந்தாரு, எந்த ஆர்டர்ல மாத்துனாங்கன்னு கேட்டா அர்த்தம் இருக்கு. பக்கத்து வீட்டுக்காரன் எத்தனை நாள் உள்ள இருந்தான்னு கேட்டா தனிநபர் தகவல்னு மறுத்துருவாங்க. விசாரணைய கெடுக்கும்னு சொல்லியும் மறுக்கலாம். ஆனா ஆள் இன்னைக்கு எங்கன்னு தெரியணும்னா ஆர்.டி.ஐ.ய நம்பி உக்காந்துராதீங்க.

24 மணி நேரம் தாண்டியும் எங்கயும் எழுத்து இல்லன்னா தாமதிக்க வேண்டாம். முன்னெல்லாம் தந்தி அடிப்பாங்க, 2013ல தந்தி போயிருச்சு, இப்போ மாஜிஸ்ட்ரேட், எஸ்.பி., மாநில மனித உரிமை ஆணையம் மூணுக்கும் ஸ்பீடு போஸ்ட் அனுப்பி ரசீத வச்சுக்கிடுங்க. மதுரை ஹைகோர்ட் கிளைல ஆட்கொணர்வு மனு, அதாவது ஆளைக் கோர்ட் முன்னால கொண்டு வரச் சொல்லிக் கேக்குற மனு, போடலாம். காசு இல்லன்னு யோசிக்காதீங்க, காவல்ல இருக்கிற ஆளுக்கு வருமானம் பாக்காம இலவச வக்கீல் உண்டு, மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு நாகர்கோவில் கோர்ட்ல இருக்கு, 15100க்கு அடிச்சாலும் போதும். ஆள் எங்கன்னு சொல்ல காசு கேக்குற புரோக்கர் கிட்ட ஒத்த ரூபா குடுக்காதீங்க, அந்தத் தகவல உங்களுக்கு சும்மா சொல்ல வேண்டியது அவங்க கடமை.

கிடைச்ச எஃப்.ஐ.ஆர்.ர ஊர் வாட்ஸ்அப் குரூப்ல போடாதீங்க. ரிமாண்ட்னா குற்றம் நிரூபணம் ஆகல, நாளைக்கு விடுதலையானாலும் அந்த போட்டோ சுத்திக்கிட்டே இருக்கும், அவன் தங்கச்சி கல்யாணப் பேச்சு வரைக்கும் அது போகும்.

குண்டாஸ், அதாவது விசாரணை முடியாமலே தடுத்து வைக்கிற குண்டர் தடுப்புச் சட்டம், போட்டா தனி ஃபைல். அது கலெக்டர் ஆர்டர், காரணம் எழுதின தாள்கள் 5 நாளைக்குள்ள உள்ள இருக்கிற ஆள் கைல குடுக்கணும், பெயில் கிடைச்சாலும் வெளிய வர முடியாது, அந்த ஆர்டர தனியா எதுக்கணும். மனு பாக்கப் போகும்போது அந்தக் கட்டு வந்துச்சா, தமிழ்ல இருக்கான்னு அவர்ட்டயே கேட்டுட்டு வந்து வக்கீல் கிட்ட சொல்லுங்க.

ரிமாண்ட் ஆன முதல் தேதிய மட்டும் காலண்டர்ல வட்டம் போட்டு வைங்க. கேஸப் பொறுத்து 60 நாளோ 90 நாளோ தாண்டியும் குற்றப்பத்திரிகை வரலன்னா பெயில் கேக்குறது உரிமை, ஆனா அந்த நாள்ல மனு போட ஆள் வேணும், ஒரு நாள் பிந்தி அதுக்குள்ள குற்றப்பத்திரிகை வந்துட்டா அந்த வாய்ப்பு போச்சு. தேதி தெரியாம வர்ற வீட்டுக்கு நாங்க முதல்ல கோர்ட்ல போயி அந்த ரிமாண்ட் தேதியத் தான் விசாரிச்சுட்டு வருவோம், அதுக்கு அப்புறம் தான் டைப் அடிக்கவே உக்காருவேன்.