ரொறன்ரோவில் முதல் பனிக்காலமா? ஒக்ரோபரிலேயே காரைத் தயார் செய்யுங்கள்

நான் கனடாவுக்கு வந்த முதல் பனிக்காலம். ஸ்காபரோவில் ஒரு தொழிற்சாலையில் இரவு வேலை முடித்து, விடியற்காலை ஐந்தரைக்கு வெளியே வந்தேன். மைனஸ் 22 பாகை. திறப்பைத் திருகினால் எஞ்சின் சுழலவில்லை. ‘டிக் டிக் டிக்’ என்று ஒரு சத்தம் மட்டும் வந்தது. கூட வேலை செய்த அண்ணை ஒருவர் பொனற்றைத் திறந்து ரோர்ச் அடித்துப் பார்த்தார். பற்றரி முனையில் வெள்ளையும் பச்சையுமாகத் தூள் பூத்துக் கிடந்தது. “தம்பி, இது இண்டைக்குப் போன பற்றரி இல்லை. கோடையிலயே போயிட்டுது. உமக்கு இண்டைக்குத்தான் தெரியுது” என்றார்.

அவர் சொன்னது சரி. பற்றரியின் ஆயுளைத் தின்பது வெயில்; அதைக் காட்டிக் கொடுப்பது குளிர். அதற்குப் பிறகு ஒவ்வொரு ஒக்ரோபரிலும் ஒரு சனிக்கிழமையைக் காருக்கென்றே ஒதுக்கிவிடுகிறேன். புதிதாக வந்து முதல் கார் வாங்கியிருப்பவர்களுக்காக அந்த ஒரு நாள் வேலையை இங்கே எழுதுகிறேன். நேரம் குறைவென்றால் முதல் இரண்டையுமாவது செய்துவிடுங்கள்.

முதல் வேலை: பற்றரி

குளிரில் பற்றரிக்குள் நடக்கும் ரசாயன வேலை மந்தமாகிவிடும். மைனஸ் 18 அளவில், வழக்கமாகத் தரும் வலுவில் ஏறக்குறையப் பாதிதான் கிடைக்கும். அதே நேரம் எஞ்சின் ஒயிலும் தடித்துப் போவதால், எஞ்சினைச் சுழற்றக் கூடுதல் வலு வேண்டும். வரவு குறைந்து செலவு கூடிய குடும்பத்தின் நிலைமைதான்.

சோதிப்பது சுலபம். வோல்ற் அளக்கும் மலிவான மல்ரிமீற்றர் ஒன்று போதும். இரவு முழுக்க நின்ற காரை, காலையில் ஸ்ரார்ட் பண்ணுவதற்கு முன்பு பாருங்கள். சிவப்பு முனையைப் பிளஸிலும் கறுப்பை மைனஸிலும் வையுங்கள். 12.6 வோல்ற் காட்டினால் முழுச் சார்ஜ். 12.4 என்றால் முக்கால்வாசி, 12.2 என்றால் பாதி. பாதிச் சார்ஜுடன் பனிக்காலத்துக்குள் போகக் கூடாது.

ஆனால் வோல்ற் நன்றாக இருந்தும் வலு இல்லாத பற்றரிகள் உண்டு. அதனால் நான்கு வயதைத் தாண்டிய பற்றரியை, சுமை கொடுத்துச் சோதிக்கும் கடைக்குக் கொண்டுபோங்கள். உதிரிப்பாகக் கடைகள் பலவற்றில் இதைச் சும்மாவே செய்து தருவார்கள். புதிது வாங்குவதானால் மேலே ஒட்டியிருக்கும் ‘சிசிஏ’ எண்ணைப் பாருங்கள். மைனஸ் 18 பாகையில் 30 விநாடிக்கு எத்தனை அம்பியர் தரும் என்பதைத்தான் அது சொல்கிறது. காரின் கையேட்டில் போட்டிருக்கும் எண்ணைவிடக் குறைந்ததை, விலை மலிவென்று வாங்க வேண்டாம்.

முனையில் தூள் பூத்திருந்தால் நீங்களே துடைக்கலாம். கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொள்ளுங்கள். மைனஸ் வயரை முதலில் கழற்றுங்கள். அப்போதுதான், பிளஸைக் கழற்றும்போது ஸ்பனர் தவறிக் காரின் உடலில் பட்டாலும் பொறி பறக்காது. தண்ணீரில் பேக்கிங் சோடா கரைத்து, பழைய பல்துலக்கும் பிரஷால் தேயுங்கள், நுரைத்து அடங்கும். ஈரம் போகத் துடைத்துவிட்டு, பூட்டும்போது பிளஸை முதலிலும் மைனஸைக் கடைசியிலும் பூட்டுங்கள். மேலே கொஞ்சம் வசிலின் தடவிவிட்டால் மறுபடி சீக்கிரம் பூக்காது.

இரண்டாவது: ரயர்

‘ஓல் சீசன்’ என்று எழுதியிருக்கிறதே, எல்லாக் காலத்துக்கும் போதும்தானே என்று கேட்பார்கள். போதாது. 7 பாகைக்குக் கீழே போனதும் அந்த ரப்பர் இறுகத் தொடங்கும். ஸ்னோ விழாத காய்ந்த தெருவில்கூடப் பிடிப்புக் குறையும். வின்ரர் ரயர் குளிரிலும் மென்மையாகவே இருக்கும் ரப்பரில் செய்தது. ரயரின் பக்கவாட்டில் மூன்று சிகரமுள்ள மலையும் அதற்குள் ஒரு பனிப்பூவும் போட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

நான்கையும் மாற்ற வேண்டும். காசை மிச்சம் பிடிக்க முன்னுக்கு இரண்டு மட்டும் போட்டால், வளைவில் பின்பக்கம் வழுக்கிக் கார் சுழன்றுவிடும். பழைய வின்ரர் ரயர் இருந்தால் அதன் வரிப்பள்ளம் 4 மில்லிமீற்றருக்குக் குறையாமல் இருக்கட்டும்.

கியூபெக்கில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை வின்ரர் ரயர் சட்டப்படி கட்டாயம். ஒன்ராறியோவில் கட்டாயம் இல்லை. ஆனால் 2016 தொடக்கம், வின்ரர் ரயர் போட்டவர்களுக்குக் காப்புறுதி நிறுவனங்கள் கழிவு கொடுத்தாக வேண்டும். தானாகக் குறைத்துவிடுவார்கள் என்று இருந்துவிடாமல் கூப்பிட்டுக் கேளுங்கள். கராஜுக்கும் ஒக்ரோபரிலேயே சொல்லி நாள் எடுத்துவிடுங்கள். முதல் ஸ்னோ விழுந்த மறுநாள் கூப்பிட்டால் இரண்டு மூன்று வாரம் தள்ளித்தான் கிடைக்கும். மாற்றிய பிறகு 100 கிலோமீற்றர் ஓடியதும் சக்கர நட்டுகளை இன்னொரு தடவை இறுக்கிப் பார்க்கச் சொல்லுங்கள்.

காற்றும் இறங்கும். ஏறக்குறைய 5 பாகை குறைய ரயரின் காற்றழுத்தம் ஒரு பிஎஸ்ஐ குறையும். செப்ரெம்பரில் அடித்த காற்று ஜனவரிக்குப் போதாது. மாதம் ஒரு தடவை, கார் ஓடாமல் நின்ற காலையில் அளந்து பாருங்கள்.

மூன்றாவது: ஊற்றி வைப்பவை

ஊரில் ரேடியேற்றரில் குறைந்தால் பைப்புத் தண்ணீரை ஊற்றுவோம். இங்கே அந்தப் பழக்கம் எஞ்சினையே உடைக்கும். தண்ணீர் உறைந்தால் ஏறக்குறைய 9 சதவீதம் பருக்கும். உள்ளே இருக்கும் இரும்பு அதற்கு இடம் கொடுக்காமல் வெடிக்கும். ரேடியேற்றருக்கென்று விற்கும் கூலன்ற் திரவமும் தண்ணீரும் பாதிக்குப் பாதி இருந்தால் மைனஸ் 37 வரை உறையாது. தனிக் கூலன்ற் இன்னும் நல்லது என்று நினைக்க வேண்டாம், அது கலவையைவிட முன்னமே உறைந்துவிடும். எஞ்சின் ஆறிய பிறகுதான் மூடியைத் திறக்க வேண்டும்.

கண்ணாடி கழுவும் திரவத்தில் மைனஸ் 35 அல்லது 40 என்று போட்டிருப்பதையே வாங்குங்கள். 401 நெடுஞ்சாலையில் முன்னால் போகும் ட்ரக் உப்புச் சேற்றை வாரி அடிக்கும்போது, திரவம் வராவிட்டால் கண் கட்டின மாதிரித்தான். அதில் இருக்கும் மெதனோல் நஞ்சு, பிள்ளைகளுக்கு எட்டாமல் வையுங்கள். வைப்பர் கோடு கோடாகத் துடைத்தால் அதையும் மாற்றிவிடுங்கள். ஒயில், கையேடு சொல்லும் வகைதான்.

வினிபெக், எட்மன்டன் பக்கம் குடியேறுகிறவர்கள் புளொக் ஹீற்றர் பற்றி மெக்கானிக்கிடம் கேளுங்கள். அங்கே கார்களின் முன்பக்கத்தில் பிளக் ஒன்று தொங்குவதைக் காண்பீர்கள். இரவு நிறுத்தும் காரின் எஞ்சினைக் கரண்டில் சூடாக வைத்திருக்கும் ஏற்பாடு அது.

நான்காவது: டிக்கியும் காலைப் பழக்கமும்

டிக்கியில் ஜம்பர் கேபிள், சிறிய மண்வெட்டி, ஸ்னோ பிரஷ், போர்வை, ரோர்ச், ஒரு பை மணல். பெற்றோல் அரை ராங்குக்குக் கீழே இறங்க விடாதீர்கள். வீதி அடைபட்டால் ஹீற்றர்தான் உங்களைக் காப்பாற்றும். ஆனால் ஸ்னோவில் புதைந்த காரில் எஞ்சினை ஓட விடுவதற்கு முன்பு புகைக்குழாயைச் சுற்றித் தோண்டிவிடுங்கள். அடைபட்டால் கார்பன் மோனொக்சைட் உள்ளே வரும். அதற்கு மணமில்லை, நித்திரையிலேயே ஆளைக் கொல்லும். உறைந்த கண்ணாடியில் சுடுதண்ணீர் ஊற்றாதீர்கள், வெடித்துவிடும்.

அப்படியும் ஸ்ரார்ட் ஆகாவிட்டால்

பற்றரியின் பக்கங்கள் வீங்கியோ வெடித்தோ இருந்தால் அது உறைந்திருக்கலாம். கேபிளைத் தொடவே வேண்டாம், உதவிக்கு ஆளைக் கூப்பிடுங்கள். இல்லையென்றால் ஓடும் காரைப் பக்கத்தில் நிறுத்தி, இரண்டையும் அணைத்துவிட்டு, இந்த ஒழுங்கில் பூட்டுங்கள். சிவப்புக் கேபிள் உங்கள் காரின் பிளஸில், மறுமுனை உதவிக் காரின் பிளஸில். கறுப்பு உதவிக் காரின் மைனஸில், அதன் மறுமுனை உங்கள் எஞ்சினில் பெயின்ற் இல்லாத ஒரு இரும்பில், பற்றரிக்குத் தள்ளி. உதவிக் காரை ஸ்ரார்ட் பண்ணி ஐந்து நிமிடம் விட்டு, பிறகு உங்களுடையதைத் திருகுங்கள். ஓடத் தொடங்கியதும் பூட்டியதற்கு எதிர் ஒழுங்கில் கழற்றுங்கள்.

ஓடிவிட்டதே என்று வீட்டு வாசலில் கொண்டுபோய் அணைத்துவிடாதீர்கள். பற்றரி சோதிக்கும் கடை திறந்திருந்தால், நேரே அங்கே விடுங்கள்.