அமெரிக்கா டிக்கெட்: கணக்கு எங்கே உதைக்கிறது?

காட்பாடியில் என் டிக்கெட் கடையில் புதிதாகச் சேர்ந்த பையன் போன வாரம் ஒருத்தரிடம், "சான்பிரான்சிஸ்கோ பத்தரை மணி நேரம்தான் சார்" என்றான். தொழிலுக்கு வந்த புதிதில் நானும் இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தேன். பாஸ்போர்ட்டில் பெயர் தப்பு, விசா காலாவதி எல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததுதான், அதை விட்டுவிடுகிறேன். பயண நேரக் கணக்கில் வரும் தப்புகளை மட்டும் சொல்கிறேன்.

தூரத்தை வேகத்தால் வகுப்பது

சென்னைக்கும் சான்பிரான்சிஸ்கோவுக்கும் நேர்க்கோட்டுத் தூரம் சுமார் 14,000 கிலோமீட்டர். மணிக்கு 900 என்று வகுத்தால் பதினைந்தரை மணி நேரம் வரும். ஆனால் சென்னையிலிருந்து நேரடி விமானம் இல்லை. நடுவில் ஒரு ஊரில் இறங்கி, காத்திருந்து, மாற வேண்டும். இருபது மணி நேரத்துக்குக் குறைந்து போய்ச் சேர்ந்தவரை நான் பார்த்ததில்லை.

கடிகாரத்தைக் கழிப்பது

என் வயிற்றெரிச்சல் இதுதான். டிக்கெட்டில் இருக்கும் இரண்டு நேரமும் அந்தந்த ஊர் நேரம். சென்னையில் அதிகாலை 2 மணிக்குக் கிளம்பி அதே தேதி பகல் 12.30-க்கு அங்கே இறங்கினால், கழித்துப் பார்ப்பவருக்குப் பத்தரை மணி நேரம். குளிர்காலத்தில் அந்த ஊர் நமக்குப் பதின்மூன்றரை மணி நேரம் பின்னால். அதைச் சேர்த்தால் முழுசாக 24.

போகும்போது இந்தத் தப்பால் நஷ்டம் இல்லை. திரும்பும்போதுதான் அடி. குடியாத்தத்துப் பையன் ஒருவனுக்கு, பிப்ரவரி 12-ம் தேதி காலை தங்கை முகூர்த்தம். 10-ம் தேதி இரவு 9 மணிக்கு அங்கே கிளம்புகிறான், பயணம் 22 மணி நேரம். "11-ம் தேதி சாயங்காலம் வந்துடலாம் தம்பி, ராத்திரி நல்லாத் தூங்கு" என்று சொன்னவன் நான். அவன் கிளம்பும்போதே நமக்கு 11-ம் தேதி காலை பத்தரை! சென்னையில் இறங்கியது 12-ம் தேதி காலை 8.30. பெட்டி வரும் பெல்ட் பக்கத்தில் நின்று, போனில் தாலி கட்டுவதைப் பார்த்தானாம். மாப்பிள்ளைக்கு மச்சான் மோதிரம் போட்டது பெரியப்பா மகன்.

இத்தனைக்கும் டிக்கெட்டில், இறங்கும் நேரத்தின் தோளில் பொடி எழுத்தில் +2 என்று, அதாவது கிளம்பும் தேதிக்கு இரண்டு நாள் கழித்து என்று, இருந்தது. நான் அதைப் படிக்கவே இல்லை. அவங்க அம்மா இன்றைக்கும் கடைவீதியில் என்னைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்.

நள்ளிரவு விமானம்

டிக்கெட்டில் கிளம்பும் நேரம் 12-ம் தேதி 00.40 என்றால், அது 11-ம் தேதி ராத்திரி பன்னிரண்டு தாண்டி நாற்பது நிமிடம். 11-ம் தேதி சாயங்காலமே ஊரிலிருந்து வண்டி ஏற வேண்டும்.

வேலூர் டு மீனம்பாக்கம்

சுமார் 130 கிலோமீட்டர். ரெண்டு மணி நேரம் போதும் என்பவர் சாயங்கால ஸ்ரீபெரும்புதூர் நெரிசலைப் பார்த்ததில்லை.

மார்ச், நவம்பர்

மார்ச் இரண்டாம் ஞாயிறு முதல் நவம்பர் முதல் ஞாயிறு வரை சான்பிரான்சிஸ்கோவில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளிவிடுவார்கள். அப்போது வித்தியாசம் பன்னிரண்டரைதான். இதைக் கடைப் பையனின் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் எழுதிச் செருகியிருக்கிறேன்.